மெமரியை இரட்டிப்பாக்கிய ஒரு படம்: கேம் எஞ்சின்காரர்களும் நம்ம ஊர்த் தோலும்

புதிதாக ஒரு கேம் கன்சோல் வருகிறது என்றால் வகுப்பில் இரண்டு நாளைக்கு அதே பேச்சுதான். எத்தனை ஜிபி மெமரி, எத்தனை டெராஃப்ளாப், பழையதைவிட எத்தனை மடங்கு என்று அலசித் தள்ளிவிடுவோம். ஆனால் அந்த எண்களை யார் முடிவு செய்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "இதென்ன கேள்வி? பெட்டியைச் செய்கிற கம்பெனிதான்" என்பீர்கள். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு டேனரியில் தோல் என்ன கனத்தில் இருக்க வேண்டும், என்ன நிறம், எந்தக் கெமிக்கல் போடலாம், எது கூடாது என்பதெல்லாம் முதலாளி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. கடல் கடந்து இருக்கிற பையர் சொல்வார். அவர் வாழ்நாளில் ஒரு தோலைக்கூட ஊறவைத்திருக்க மாட்டார். ஆனால் டிரம்முக்குள் என்ன போக வேண்டும் என்பது அவர் கையில். கேம் உலகத்திலும் அப்படி ஒரு ஆள் உண்டு. அவர் கன்சோல் செய்வதில்லை. அவர் செய்வது கேம் எஞ்சின்.

எஞ்சின் என்பது ஒரு விளையாட்டுக்குக் கீழே இருக்கிற பொதுவான மென்பொருள். முப்பரிமாணக் காட்சியைத் திரையில் வரைவது, வெளிச்சமும் நிழலும் எங்கே விழும் என்று கணக்கிடுவது, ஓடுகிறவன் சுவரில் மோதினால் நிற்கவைப்பது எல்லாம் அதன் வேலை. கதை, பாத்திரங்கள், ஊர், சண்டை எல்லாம் அதன்மேல் கட்டப்படுபவை. ஒரு எஞ்சினை வைத்து நூறு கம்பெனிகள் நூறு விளையாட்டு செய்யலாம். அதனால்தான் எஞ்சின் செய்கிறவர் பேச்சுக்கு அத்தனை எடை.

சிப் செய்தவர் வைத்ததே சட்டம்

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இல்லை. 1977ல் வந்த அடாரி 2600 கன்சோலின் மெமரி மொத்தமே 128 பைட். யூனிகோட் தமிழில் ஒரு வரி எழுதினாலே அது நிரம்பிவிடும்! 1983ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாமில் வேலை செய்ய இருந்த மெமரி 2 கிலோபைட். (நம்ம ஊர் டிவியில் கேசட் போட்டு மரியோ ஆடினோமே, அந்தப் பெட்டிகள் எல்லாம் இதன் நகல்கள்தான்.) அந்தக் காலத்தில் எஞ்சின் என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு விளையாட்டையும் அந்தந்தச் சிப்புக்கென்றே அசெம்பிளி மொழியில் எழுதினார்கள். பெட்டி எப்படியோ அப்படி நிரல் வளைந்து கொடுக்கும்.

இந்த முறையின் கடைசிப் பெரிய பலி என்று 1994 நவம்பரில் ஜப்பானில் வந்த சேகா சாட்டர்னைச் சொல்லலாம். அதில் இரண்டு முதன்மைப் புராசஸர்கள். காகிதத்தில் பார்த்தால் பலசாலி. ஆனால் இரண்டையும் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் வேலை வாங்குவது எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாடு. அடுத்த மாதமே வந்த சோனி பிளேஸ்டேஷன் எளிமையாக இருந்தது, ஸ்டுடியோக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. பெட்டியின் பலம் வேறு, எழுதுகிறவன் கைக்கு எட்டும் பலம் வேறு என்று எல்லாருக்கும் புரிந்த சமயம் அது.

கார்மாக்கும் குவேக்கும்

கம்ப்யூட்டர் பக்கத்தில் இதே நேரம் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஐடி சாஃப்ட்வேர் கம்பெனியின் ஜான் கார்மாக் எழுதிய டூம் 1993 டிசம்பரில் வெளிவந்தது. அதில் எஞ்சின் தனி, படங்களும் வரைபடங்களும் அடங்கிய கோப்பு தனி. எஞ்சினை மட்டும் மற்றவர்களுக்கு உரிமம் கொடுக்க முடிந்தது. ரேவன் சாஃப்ட்வேர் 1994ல் செய்த ஹெரட்டிக் அப்படி வந்ததுதான்.

1996ல் குவேக். அதே ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனியின் வூடூ என்ற முப்பரிமாணக் கார்டும் வந்தது. 1996 டிசம்பரில் கார்மாக், மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி முறையை வெளிப்படையாகக் குறை சொல்லி, ஓபன்ஜிஎல் முறைதான் சரி என்று எழுதினார். அடுத்த மாதம் ஓபன்ஜிஎல்-இல் ஓடும் குவேக் வந்தது. அதை ஓட்டுவதற்காகவே 3டிஎஃப்எக்ஸ் ஒரு சின்ன டிரைவரை எழுதிக் கொடுத்தது. அதன்பிறகு கார்டு விற்கிற எவரும் "குவேக் ஓடுமா?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு விளையாட்டு எழுதியவரின் விருப்பத்துக்கு ஏற்ப ஒரு வன்பொருள் தொழிலே திரும்பியது.

ஆனால் கம்ப்யூட்டரில் கார்டு சரியில்லை என்றால் கழற்றிவிட்டு வேறு போடலாம். கன்சோல் அப்படியா? ஒருமுறை வெளியே வந்துவிட்டால் ஐந்தாறு வருஷத்துக்கு அதே சிப், அதே மெமரி. ஆகவே பேச வேண்டியதை எல்லாம் பெட்டி வருவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். கதவு ஒருமுறைதான் திறக்கும்.

பிளேஸ்டேஷன் 2: எஞ்சின் முட்டுக் கொடுத்த காலம்

2000 மார்ச்சில் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் 2-இல் 32 எம்பி மெமரி, எமோஷன் எஞ்சின் என்ற விசித்திரமான புராசஸர். இதையும் சாமானியத்தில் வசப்படுத்த முடியாது. அப்போது கை கொடுத்தது பிரிட்டனின் கிரைட்டீரியன் செய்த ரெண்டர்வேர். கடினமான வேலையை அது பார்த்துக்கொண்டது, மற்றவர்கள் விளையாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். 2001ல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 ரெண்டர்வேரில் செய்ததுதான். 2004ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கியது. போட்டிக் கம்பெனியின் கையில் இருக்கும் எஞ்சினை எப்படி நம்புவது என்று மற்ற ஸ்டுடியோக்கள் வேறு இடம் தேடத் தொடங்கின. அந்த வெற்றிடத்தில் நுழைந்தது எபிக் கேம்ஸின் அன்ரியல் எஞ்சின் 3.

ஒரு பில்லியன் டாலர் படம்

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். மைக்ரோசாஃப்ட் தன் இரண்டாவது கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-ஐத் திட்டமிட்டபோது மெமரி 256 எம்பி என்று இருந்தது. எபிக் அப்போது கியர்ஸ் ஆஃப் வார் செய்துகொண்டிருந்தது. 512 எம்பி வேண்டும் என்று கேட்டார்கள். வாயால் கேட்டால் போதாதே. 256 எம்பி-யில் விளையாட்டு எப்படி இருக்கும், 512-இல் எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொண்டது. எபிக்கின் மார்க் ரெயின் பின்னர் சொன்னபடி, இந்த ஒரு முடிவால் மைக்ரோசாஃப்டுக்கு ஆன கூடுதல் செலவு ஒரு பில்லியன் டாலர், அதாவது 100 கோடி டாலர்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெட்டிக்குச் சில டாலர்தான் கூடும். ஆனால் கோடிக்கணக்கில் பெட்டி விற்கப் போகிறவனுக்கு அது மலை. பெட்டியை நஷ்டத்துக்கு விற்று விளையாட்டில் லாபம் பார்க்கிற தொழிலில், ஒவ்வொரு சிப்புக்கும் கணக்குப் பிள்ளை கத்தியோடு நிற்பார். அவரை மீறி இது நடந்தது. 2005 நவம்பரில் 512 எம்பி-யோடு எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. 2006 நவம்பரில் வந்த கியர்ஸ் ஆஃப் வார் பத்து வாரத்தில் 30 லட்சம் பிரதி விற்றது. அன்ரியல் எஞ்சின் 3 அந்தத் தலைமுறையின் பொது மொழி ஆனது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. எபிக் ஊருக்காக மட்டும் கேட்கவில்லை. தன் எஞ்சின் நன்றாக ஓட என்ன தேவையோ அதைக் கேட்டது. எல்லாருக்கும் அதனால் நன்மை கிடைத்தது உண்மை. ஆனால் எஞ்சினையும் விற்று, அதே எஞ்சினில் விளையாட்டும் செய்கிறவர் மற்றவர்களுக்குப் போட்டியாளரும்கூட. எங்களுக்குச் சரியான நேரத்தில் சரியான எஞ்சின் தரவில்லை என்று கனடாவின் சிலிக்கான் நைட்ஸ் 2007ல் எபிக் மீது வழக்குப் போட்டது. 2012ல் தோற்று, எபிக்குக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு பில்லியனையும் சொல்லிவிடுகிறேன். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், சிவப்பு வளையம் எரிந்து செத்துப்போகிற எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகளுக்கு வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டியது. அதற்கு ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல். படம் அழகாக வரவேண்டும் என்று கேட்க எஞ்சின்காரர் இருந்தார். வீட்டு ஹாலில் மூன்று வருஷம் தாங்குமா என்று வடிவமைப்பு அறையில் உட்கார்ந்து கேட்க, வாங்குகிறவர் சார்பில் அப்படி ஒரு ஆள் இல்லை.

கேட்காமல் செய்த சோனி, கேட்டுச் செய்த சோனி

2006ல் வந்த பிளேஸ்டேஷன் 3 நேர் எதிர்ப் பாடம். செல் என்ற புராசஸர், மெமரி 256 எம்பி, 256 எம்பி என்று இரண்டு துண்டு. அமெரிக்காவில் 60 ஜிபி மாடல் 599 டாலர். வால்வ் கம்பெனியின் கேப் நியூவெல் 2007ல் இதை வெளிப்படையாகவே தாக்கினார், திட்டத்தையே கைவிட்டுவிடலாம் என்கிற அளவுக்கு. (2010ல் அதே மனிதர் சோனி மேடையில் ஏறி போர்ட்டல் 2 விளையாட்டை அறிவித்தது தனிக் கதை. :-))

சோனி பாடம் படித்தது. அடுத்த பெட்டியின் வடிவமைப்பைக் கொடுத்தது மார்க் செர்னியிடம். அவர் சிப் ஆள் அல்ல, விளையாட்டு செய்து வளர்ந்தவர். 2013ல் பார்சிலோனாவில் பேசியபோது அவர் ஒரு கணக்கு காட்டினார். புதிய பெட்டி கையில் கிடைத்த நாளிலிருந்து உருப்படியாக ஏதாவது திரையில் வரைய எவ்வளவு காலம் ஆகும்? முதல் பிளேஸ்டேஷனுக்கு 1 முதல் 2 மாதம், இரண்டாவதற்கு 3 முதல் 6, மூன்றாவதற்கு 6 முதல் 12. நான்காவதை மறுபடி 1 முதல் 2 மாதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் இலக்கு. ஸ்டுடியோ ஸ்டுடியோவாகக் கேட்டார்கள். எல்லாரும் பெரிதாகக் கேட்டது, துண்டு துண்டாக இல்லாத ஒரே மெமரி. 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது சாதாரணக் கம்ப்யூட்டர் வகைப் புராசஸரும், ஒரே துண்டாக 8 ஜிபி வேகமான மெமரியும் இருந்தன.

எஞ்சின்காரர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2011ல் எபிக் சமாரிட்டன் என்று ஒரு மாதிரிக் காட்சியைக் காட்டியது. மூன்று விலையுயர்ந்த கார்டுகளைச் சேர்த்து ஓட்டினார்கள். அதை ஓட்ட 2.5 டெராஃப்ளாப் வேண்டும் என்று எபிக்கின் நிறுவனர் டிம் ஸ்வீனி 2012ல் கணக்குச் சொன்னார். வரப்போகும் கன்சோல்களுக்கு இது மறைமுகக் கோரிக்கை. வந்தது என்ன? பிளேஸ்டேஷன் 4 1.84, எக்ஸ்பாக்ஸ் ஒன் 1.31. கடைசியில் அன்ரியல் 4 எஞ்சின்தான் தன் கனவு வெளிச்ச முறையைக் கைவிட்டு இறங்கி வந்தது. பையரும் சில நேரம் பேரம் படியாமல் போவார் அல்லவா, அது போல.

அடுத்த சுற்றில் கோரிக்கை மெமரி அல்ல, எஸ்எஸ்டி. 2020 மார்ச்சில் செர்னி பேசியபோது, ஸ்டுடியோக்கள் கேட்டதில் முதலிடம் இதற்குத்தான் என்றார். பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 50 முதல் 100 எம்பி படித்தது. பிளேஸ்டேஷன் 5 நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். அந்த வருஷம் மே மாதம் எபிக் தன் அன்ரியல் எஞ்சின் 5-ஐ முதலில் காட்டியதே பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் வைத்துத்தான். ஜூலையில் சோனி எபிக்கில் 25 கோடி டாலர் முதலீடு செய்தது, 2021ல் மேலும் 20 கோடி. 256 எம்பி போதாது என்று வெளியிலிருந்து படம் காட்டிக் கேட்ட கம்பெனியில் இப்போது பெட்டிக்காரருக்கே பங்கு.

பாலாற்றங்கரையில் இதே கதை

இப்போது நம்ம ஊர். நூறு வருஷத்துக்கும் மேலாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் இங்கிருந்து மெட்ராஸ் வழியாக இங்கிலாந்துக்குப் போனது. அரைகுறையாகப் பதனிட்டு அனுப்புவோம், மீதி வேலையும் மீதி லாபமும் அவர்களுக்கு. 1973ல் மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதனிட்ட தோலுக்கு ஒதுக்கீடு வைத்தது. முழுத் தோலும் ஷூவும் செய்யும் தொழில் இங்கே வளர்ந்தது. அதோடு பையரின் பிடியும் இறுகியது. முழுமையான பொருளை விற்கும்போது அதன் ஒவ்வொரு அணுவுக்கும் நாம்தான் பொறுப்பு.

1989 டிசம்பரில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. பென்டாகுளோரோஃபீனால் என்கிற பூஞ்சைக்கொல்லி, ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இங்கே பரவலாகப் பயன்பட்டது அதுதான். ஜெர்மனியோ பெரிய பையர். ஒரு கிலோவில் சில மில்லிகிராமை அளக்கச் சின்ன டேனரியிடம் என்ன கருவி இருக்கும்? அடையாற்றில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சோதனைக்கும் மாற்று மருந்துக்கும் கை கொடுத்தது. கொஞ்ச காலத்தில் இந்தியாவும் அந்த மருந்தைத் தடை செய்தது. 1994ல் அடுத்து, சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனியில் தடை. 2015 மே மாதத்திலிருந்து, உடம்பில் படும் தோலில் குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம். ஒவ்வொரு முறையும் தொழில் திணறியது, பிறகு மாறியது. 512 எம்பி கதையேதான். வெளியே இருப்பவர் ஒரு எண்ணைச் சொன்னார், உள்ளே இருக்கும் முறையே மாறியது.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்த இரண்டு வரலாற்றையும் சேர்த்து எழுதக் காரணமும் அதுதான்.

பையர் அளந்தது தோலில் மிச்சம் இருப்பதை. ஷூ போடுகிறவரின் காலுக்கு எது கெடுதலோ அதை. தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு இருக்கிறதே, அதை முதல் தொட்டியிலேயே ஊறவைத்துக் கழுவிவிடுவார்கள். முடிந்த தோலில் அது பேச்சுக்கே இடமில்லை. எங்கே போகும்? நிலத்துக்கும் பாலாற்றுக்கும்தான். பல வருஷம் எந்தப் பையரின் பட்டியலிலும் அது இல்லை.

அதைக் கேட்டவர்கள் இங்கேயே இருந்தவர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற விவரங்கள் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதிதான் என்று சொல்லி, ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற அந்த வழக்கின் பெயரில் இருப்பது நம்ம வேலூர்தான்.

அதற்குப் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றுப் பிரச்சினையில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. 1991க்கும் 2025க்கும் நடுவே 34 வருஷம். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2005ல் பெரிய ஷூ பிராண்டுகள் சேர்ந்து லெதர் ஒர்க்கிங் குரூப் என்று ஒன்றைத் தொடங்கின. டேனரியின் தண்ணீரையும் கழிவையும் தணிக்கை செய்வது அதன் வேலை. பையரின் பட்டியலில் ஆறும் கொஞ்சம் இடம் பிடித்தது. அதற்கு முன் யாரோ சத்தம் போட வேண்டியிருந்தது.

எபிக்கிடம் ஒரு படம் இருந்தது. எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்க மைக்ரோசாஃப்ட் தயாராக இருந்தது. ஏனென்றால் எபிக் சோனி பக்கம் போய்விட்டால் நஷ்டம். ஜெர்மன் பையரிடம் ஒரு எண் இருந்தது, ஆர்டர் போய்விடும் என்ற பயம் இருந்தது. பாலாற்றங்கரை விவசாயியிடம் உப்பேறிய கிணறு இருந்தது. அவர் அதைக் காட்டி "இல்லையென்றால் வேறு ஆற்றுக்குப் போய்விடுவேன்" என்று சொல்ல முடியாது. அதனால்தான் அவருக்கு நீதிமன்றம் தேவைப்பட்டது.

கம்ப்யூட்டர் படிக்கிற நாமும் நாளைக்கு ஏதாவது ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு எண்ணை முடிவு செய்யப் போகிறோம். மெமரியோ, விலையோ, வேறு எதுவோ. அப்போது அறைக்குள் இருப்பவர்கள் கேட்பதைத் தருவது சுலபம். செர்னி ஊர் ஊராகப் போய்க் கேட்டார், அதனால் நல்ல பெட்டி வந்தது. ஆனால் அவர்கூடக் கேட்டது விளையாட்டு செய்கிறவர்களைத்தான். பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அந்த எண்ணை எழுதினால் நல்லது.

அடுத்த கட்டுரையில் வேறு விஷயத்தோடு வருகிறேன். வரட்டா?